தொடாமல் விட்ட சரிவு

கொடைக்கானல் மலையிலுள்ள ஒரு கல்வி வளாகத்தில் 2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த சிறு செயல் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். செய்தித்தாளில் இடம்பெறத் தக்க நிகழ்ச்சி அன்று அது. அதனால் எவர் பொருளும் களவு போகவில்லை. எவர் உடலும் காயப்படவில்லை. ஆயினும் அச்செயலில் எனக்கும் பங்கு இருந்தமையால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது என் மனத்தைவிட்டு அகல மறுக்கிறது.

அந்நிறுவனத்தில் ஒரு விழா வரவிருந்தது. வெளியூர்களிலிருந்து பெரியோர் பலர் வருவதாக இருந்தார்கள். வளாகத்தை அழகுபடுத்த ஐவர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது; அதில் நானும் ஒருவன். மண்டபத்திற்குப் பின்னால் ஒரு சரிவு. அதில் இடுப்பளவு உயரத்தில் முரட்டுச் செடிகள் அடர்ந்து கிடந்தன. பூவும் இல்லை, காயும் இல்லை. "புதர் மண்டிக் கிடக்கிறதே, விருந்தினர் கண்ணில் முதலில் படுவது இதுதானே" என்றார் எங்களுள் ஒருவர். அதை வெட்டிச் சமன்செய்து, புல்தரை அமைத்து, அலங்காரச் செடிகள் நடுவதென்று முடிவாயிற்று.

அங்கே நெடுங்காலம் பணிசெய்த தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "ஐயா, அது குறிஞ்சிங்க. இன்னும் ரெண்டு வருசத்துல பூக்கும். இப்பப் பறிச்சுட்டா விதைகூட மிஞ்சாதுங்க" என்றார். "இரண்டு வருடம் கழித்துப் பூப்பதற்கு இப்போது வருகிற விருந்தினர் காத்திருப்பார்களா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மூன்றே நாளில் சரிவு வேரோடு துப்புரவு செய்யப்பட்டது. செய்தவரும் அந்தத் தோட்டக்காரரே. கூலிக்கு உழைப்பவர் வேறென்ன செய்வார்?

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. பழனி மலையில் 1994-இலும் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை உதிர்த்து, பின் மடிந்துவிடும் செடி அது. பூக்குமுன் வேரோடு பறிக்கப்பட்டால் அந்த இடத்தில் அதன் வழித்தோன்றல் இல்லாமற் போகிறது. பத்தாண்டுக் காத்திருப்பை மூன்று நாளில் முடித்துவிட்டோம். அத்தோடு அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே பறித்துவிட்டோம்.

2018 வந்தது. மற்றச் சரிவுகள் நீலம் போர்த்தின. ஊர் முழுதும் சுற்றுலாப் பயணியர் கூட்டம். எங்கள் விருந்தினரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறிஞ்சி பூத்த வேறோர் இடத்தைக் காட்டிவரச் சென்றோம். திரும்பி வந்தபோது தோட்டக்காரர் எங்கள் புல்தரைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும்.

பயன் என்னும் அளவுகோல்

நாங்கள் செய்தது தவறா? தவறு என்றால் யாருக்கு இழைத்த தவறு? நிலம் நிறுவனத்திற்கு உரியது. செடிகள் எவரும் நட்டவை அல்ல. சட்டப்படி எங்களைக் கேட்பார் இல்லை. அப்படியிருந்தும் மனச்சான்று ஏன் கேட்கிறது? இதை எண்ண எண்ண, கேள்வி இவ்வாறு திரண்டது: நமக்குப் பயன்படாத ஓர் உயிருக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறோமா?

இக்கேள்விக்கு இக்காலத்தில் எளிதில் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. "பயன்படாதது என்று எதுவும் இல்லை, ஒவ்வோர் உயிரும் ஏதோ ஒரு வகையில் மனிதனுக்கு உதவவே செய்கிறது, ஆகவே காப்பாற்று" என்பது அந்த விடை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பழனி மலையின் மேற்பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே இயல்பாக அமைந்தது, மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலைக்காடும், மேடுகளில் விரிந்த புல்வெளியும் கலந்த நிலம். பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் தாங்கி, மண்ணுக்குள் இறக்கி, மழை நின்ற பின்னரும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு, மருதாநதி, மஞ்சளாறு ஆகிய அணைகளுக்கு வரும் நீர் இம்மலையிலிருந்து இறங்குவதே. பழனிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் நெல்லும் வாழையும் பயிரிடும் உழவர், தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு புல்வெளிக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் இந்த விடையோடு நின்றுவிட முடியுமா? ஓய்வூதியம் வருகிறது என்பதற்காகவே தாயை வீட்டில் வைத்துச் சோறிடும் மகனை நினைத்துப் பாருங்கள். சோறிடுவது நல்ல செயலே. தாய் பசியால் வாடவில்லை. ஆயினும் அதை அன்பு என்று யாரும் அழைப்பதில்லை. ஓய்வூதியம் நின்ற மாதத்தில் அந்தத் தாயின் நிலை என்னவாகும் என்பதை அண்டை வீட்டார் அறிவார்கள். பயனை மட்டுமே காரணமாகக் காட்டி ஓர் உயிரைக் காப்பவனின் நிலையும் இதுவே. பயன் இல்லை என்று தோன்றும் நாளில் காவலும் நின்றுபோகும். பதினோர் ஆண்டுகள் பூக்காமல் நிற்கும் குறிஞ்சியை நாங்கள் "புதர்" என்று பெயரிட்டு அகற்றியது இந்தக் கணக்கின்படியே.

நல்லெண்ணத்தின் பிழை

பயன் என்னும் அளவுகோலில் இன்னொரு குறையும் உண்டு. அது காலத்துக்குக் காலம் நீளமும் குறுக்கமும் மாறும் கோல். இதற்குப் பழனி மலையே சான்று.

1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர் கொடைக்கானலில் குடியிருப்பு அமைத்த காலத்திலிருந்து, வெளிநாட்டு மரங்கள் ஒவ்வொன்றாய் இம்மலைக்கு வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும், சீகை என்று நம் மக்கள் அழைக்கும் வாட்டில் மரமும் வந்தன. பின்னர் பைன் மரங்களும் வந்தன. புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அது தரிசாகவே தோன்றியது. மரம் இல்லாத இடம் வீணான இடம் என்பது அவர்கள் எண்ணம். வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும், தைலமரம் விறகாகும், அந்த விறகு கிடைத்தால் சோலை மரங்கள் கோடரிக்குத் தப்பும். நாடு விடுதலை பெற்றபின் அரசே பெரும் பரப்பில் இம்மரங்களை வளர்த்தது. நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். மரம் நடுவது அறம் என்றுதானே நாமும் பள்ளியில் கற்றோம்? பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம்?

விளைவு என்ன? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று காட்டியது. அந்த இடத்தைப் பெரும்பாலும் நட்ட மரங்களும், அவை தாமாகப் பரப்பிய கன்றுகளும், ஓரளவு வேளாண்மையும் பிடித்துக்கொண்டன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மலை பச்சையாகவே தெரியும். "எவ்வளவு அழகான காடு!" என்று பைன் மரங்களின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். அவன் காலடியில் இருந்த குறிஞ்சியும் புல்லும், அவற்றை நம்பி வாழ்ந்த பறவைகளும் பூச்சிகளும் போன இடம் அவனுக்குத் தெரியாது.

ஒரு தலைமுறை பயன் என்று கொண்டாடியதை அடுத்த தலைமுறை இழப்பு என்று எழுதுகிறது. அப்படியானால் இன்று நாம் பயனற்றது என்று தள்ளுவதை எதிர்காலம் எவ்வாறு எழுதும்? இந்த ஐயம் ஒன்றே நம் கையைச் சற்றுத் தயங்க வைக்க வேண்டும். ஆனால் தயக்கம் மட்டும் போதாது. பயனுக்கு அப்பால் ஓர் உயிரை மதிக்கத்தக்க காரணம் எது?

செண்பகனூர் கற்பிக்கும் பாடம்

இக்கேள்வியைச் சுமந்துகொண்டு நான் சென்ற இடம், கொடைக்கானலை அடுத்த செண்பகனூர். அங்கே இயேசு சபையினர் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். இளந்துறவியர் மெய்யியல் பயின்ற இல்லம் அது. மெய்யியல் கல்வி பின்னாளில் சென்னைக்கு மாற்றப்பட்டபோதிலும், அங்கு உருவான இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சுற்றுலாப் பயணியர் பலரும் அறிந்தது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்கின்றன. அறிவதற்காகக் கொல்வது அக்காலத்து முறை. அதை இன்று நாம் பின்பற்றத் தேவையில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று.

மெய்யியல் கற்பித்த இல்லத்தில் வாழ்ந்த இத்துறவியர் தம் ஓய்வு நேரத்தில் எவற்றைத் தேடி மலையேறினார்கள்? தந்தை ஆங்லாத் பழனி மலையின் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். மலையிலுள்ள பழங்காலக் கல்திட்டைகளைப் பற்றி அவர் மற்றொருவருடன் சேர்ந்து எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. தந்தை ஃபொரோ பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1961-இல் அச்சாயிற்று. பாசியால் யாருக்கு என்ன வருவாய்? ஏழைக்குச் சோறிடுமா? நோயாளிக்கு மருந்தாகுமா? ஆன்மாக்களைத் தேடிக் கடல் கடந்து வந்த ஒருவர், ஈரப்பாறையின்மீது குனிந்து பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தது காலத்தை வீணாக்கியது ஆகுமா?

அந்த இல்லத்தில் பாடமாக இருந்த புனித தாமஸ் அக்குவினாசே இதற்கு விடை தந்திருக்கிறார். உலகில் ஏன் இத்தனை வகை உயிர்கள் என்று கேட்ட அவர், இறைவனின் நன்மையை எந்த ஒரு படைப்பும் தனித்து நிறைவாகக் காட்ட இயலாது. ஒன்றில் குறைவது மற்றொன்றில் நிறைவு பெறவே படைப்புகள் பலவாயின என்று விளக்கினார். இதன்படி பார்த்தால், பாசி எனக்கு என்ன தருகிறது என்று கேட்குமுன்பே அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அது சொல்லும் சொல்லை மானும் மயிலும் சொல்ல முடியாது. மனிதனும் சொல்ல முடியாது. அந்தச் சொல் அழிந்தால் நூலில் ஒரு சொல் விடுபட்டதாகும். படிக்கத் தெரியாதவன் அதை உணரமாட்டான். ஆனால் பொருள் குறைந்தது குறைந்ததே.

படிக்கத் தெரிய வேண்டும் என்பதே செண்பகனூரின் பாடம். இம்மரபில் வந்த தந்தை கே. எம். மாத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகத்தை உருவாக்கியவர். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1999-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 2004-இல் மறையும் வரை, அவர் பெயர் அறிவதையும் காப்பதையும் பிரிக்காமல் செய்தார். எழுதியதோடு நில்லாமல் இம்மலைக்குரிய மரங்களை நாற்றுவிட்டு வளர்க்கவும் தூண்டினார். விவிலியத்தின் தொடக்கநூல், முதல் மனிதன் உயிரினங்களுக்குப் பெயரிட்டதாகச் சொல்கிறது. பெயரிடுவதை உரிமை கொண்டாடுவதாக நாம் பொருள் கொண்டுவிட்டோம். பெற்ற தாய் பிள்ளைக்குப் பெயரிடுவது விற்பதற்கா? ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து, இன்னார் என்று அழைப்பதற்கே பெயர். எங்கள் குழுவின் ஐவரும் படித்தவர்கள். ஆனால் அந்தச் செடியின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தவர் தோட்டக்காரர் ஒருவரே. அவருடைய அறிவை அறிவென்று ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போது நினைத்தால், செடியைப் பறித்ததைவிட அந்தச் சிரிப்பே பெரிய பிழையாகத் தோன்றுகிறது.

இன்னொரு செய்தி. மலைச் சோலைகளின் இருளில் வாழும் சிறு பறவையினம் ஒன்றுக்கு 2017-இல் அறிவியலார் புதிய பேரினப் பெயர் சூட்டினர்: 'ஷோலிகோலா'. சோலை என்னும் தமிழ்ச் சொல்லே உலக அறிவியலில் அந்தப் பெயராயிற்று. நம் சொல்லை உலகம் எடுத்துக்கொண்டது. நாம் அச்சொல்லைத் திருமண மண்டபங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் பெயராக்கிவிட்டு, உண்மைச் சோலையை மறந்துகொண்டிருக்கிறோம்.

வளாகம் என்னும் இடம்

கடமை உண்டு என்றே கொள்வோம். அதை எங்கே நிறைவேற்றுவது? இரண்டு ஏக்கரில் உருளைக்கிழங்கோ காரட்டோ பயிரிட்டுக் குடும்பம் நடத்தும் மலைவாழ் உழவனிடம் போய், "பாதி நிலத்தைக் குறிஞ்சிக்கு விடு" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அரசின் பொறுப்பு என்று கைகழுவவும் இயலாது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் உயிர்கள் எல்லைக் கல்லைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

இங்கேதான் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களின் சிறப்பு விளங்குகிறது. அவற்றிடம் நிலம் உண்டு. ஒவ்வொரு சென்ட் நிலத்திலிருந்தும் வருவாய் எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மனிதனின் ஆயுளைக் கடந்து நிற்பவை அவை; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடிக்குக் காத்திருக்கத் தனிமனிதனால் இயலாவிட்டாலும் நிறுவனத்தால் இயலும். ஆண்டுதோறும் புதிய இளைஞர் வருகிறார்கள். எண்ணவும் குறித்துவைக்கவும் அவர்கள் கண்களும் கைகளும் இருக்கின்றன.

இது கனவு அன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அங்கிருந்த முட்புதர்க் காட்டை முற்றும் அழித்துவிடவில்லை. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தின் மரஞ்செடிகள்மீது காட்டிய அக்கறை இன்றும் நிழலாய் நிற்கிறது. தாவரவியல் அவருடைய துறை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1959-இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் மாணவர் விடுதிகளின் பக்கத்திலேயே மேய்வதைக் காணலாம். கட்டடங்கள் பெருகப் பெருக அவற்றின் இடம் சுருங்குகிறது என்ற கவலையும் அங்கே உண்டு. கொடைக்கானலிலோ, 1901-இல் தோன்றிய பன்னாட்டுப் பள்ளி முதல் அட்டுவம்பட்டியில் அமைந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வரை, ஒவ்வொரு வளாகமும் மலையின் ஒரு துண்டைத் தன்னிடம் வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. சில, செலவைக் குறைப்பவை. ஓடைக் கரையின் புதரை வெட்டாமல் விடலாம். பட்டுப்போன மரம் ஆபத்து இல்லாத இடத்தில் நின்றால் அதை நிற்க விடலாம். மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்து குடைவது அத்தகைய மரத்தில்தான். இரவு முழுதும் எரியும் விளக்குகளைக் குறைக்கலாம். பூச்சிமருந்து தெளித்துப் புல்தரையை வளர்ப்பதை நிறுத்தலாம். மரம் நட விரும்பினால் காட்டுச் செண்பகம், காட்டுப் பூவரசு, நாவல் என்று இம்மண்ணின் மரங்களை நடலாம். அதற்கும் முன்னால், எங்கே மரம் நடக் கூடாது, எது புல்லாகவே இருக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம்.

விட்டுவிடுவது போதுமா?

இவ்வளவு எழுதியபின் ஒரு தடை எழுகிறது. "தொடாமல் விடு என்கிறீரே, பழனி மலையில் தொடாமல் விட்ட நிலம் என்ன ஆகிறது என்று பார்த்தீரா? வாட்டில் காடாகிறது." தடை நியாயமானது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெயிலோ நெருப்போ பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒருமுறை மனிதன் குலைத்த நிலத்தை, "இனி இயற்கையே பார்த்துக்கொள்ளட்டும்" என்று கைவிடுவது, பிறர் வீட்டில் தீ வைத்தவன் "இனி நான் தலையிடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொள்வது போன்றது.

அதற்காக வாட்டிலை எல்லாம் ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பதும் அறிவுடைமை ஆகாது. வயது முதிர்ந்த வாட்டில், பைன் மரங்களின் நிழலிலேயே சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து எழுகின்றன. பறவைகள் கொண்டுவந்த விதைகள் அவை. அங்கே மரத்தை வெட்டினால் கன்றும் சாகும். வெளிச்சம் பட்டு வாட்டில் விதை மீண்டும் எழும். ஆகவே ஒரு சரிவில் வெட்டுவது கடமை. அடுத்த சரிவில் வெட்டாமல் பொறுப்பது கடமை. எது எங்கே என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது. அருகில் சென்று குனிந்து பார்த்தவனுக்கே தெரியும். அறம் என்பது விதியைக் கைக்கொள்வது மட்டும் அன்று. பார்க்கக் கற்பதும் அதில் ஒரு பெரும் பகுதி.

யார் விலை கொடுப்பது?

இதனினும் கடினமான தடை ஒன்று உண்டு. கொடைக்கானலில் வாழ்வோர் அதை அன்றாடம் அறிவர். புல்வெளி குறைந்ததும் காட்டுமாடுகள் ஊருக்குள் வருகின்றன. தோட்டம், விளையாட்டுத் திடல், பள்ளி வளாகம் என்று புல் இருக்கும் இடமெல்லாம் மேய்கின்றன. முதிர்ந்த காளை ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடும். பெரும்பாலும் அது தன்வழியே போகும். ஆனால் திடீரென எதிர்ப்பட்டால் முட்டித் தூக்கிவிடும். அவ்வாறு காயமுற்றவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு.

வளாகத்தில் காட்டுயிர் வாழட்டும் என்று கூட்டத்தில் கையுயர்த்துபவர் பெரும்பாலும் வாகனத்தில் வந்துபோகிறவர். விடியுமுன் பனிமூட்டத்தில் நடந்துவந்து வாசல் கூட்டும் பெண்ணும், விறகு பொறுக்கச் செல்லும் மூதாட்டியும், இரவுக் காவலரும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. முடிவு ஒருவருடையது, ஆபத்து மற்றொருவருடையது என்றால் அதை அறம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. படைப்பின்மீது அன்பு என்ற பெயரால் ஏழையின்மீது சுமை ஏற்றுவது, அன்பின் முகமூடி அணிந்த அநீதியே.

அதற்காகக் காட்டுமாட்டை விரட்டிவிட வேண்டும் என்பதும் முடிவு ஆகாது. விரட்டினால் அடுத்த தெருவில் இன்னும் எளியவரின் காய்கறிக் கொல்லைக்குத்தான் அது போகும். விலையை விரும்பியவரே கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. துப்புரவுப் பணி நன்றாக விடிந்தபின் தொடங்கட்டும். அலுவலகம் அரைமணி நேரம் அழுக்காக இருந்தால் பொறுத்துக்கொள்வோம். பணியாளர் நடக்கும் பாதையின் இருபுறமும் பார்வைக்குத் தடையில்லாமல் இருக்கட்டும். குப்பைத் தொட்டிகள் மூடிக் கிடக்கட்டும். வாட்டில் அகற்றப்படும் இடங்களில் அந்த விறகு முதலில் அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்குச் சேரட்டும். குழுவில் தோட்டக்காரருக்கும் ஓர் இருக்கை இருக்கட்டும். அது மரியாதைக்காக மட்டும் அன்று, அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதற்காக.

தொடாத மூலை

அசிசியின் புனித பிரான்சிஸ், துறவியர் இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விட்டுவைக்கச் சொன்னார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. காட்டுப் பூக்களும் பூண்டுகளும் அங்கே தம் விருப்பம்போல் வளரட்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். கவனியுங்கள்: அவர் தோட்டம் முழுவதையும் விடச் சொல்லவில்லை. உண்பதற்குக் கீரையும் காயும் வேண்டும். ஆனால் ஒரு மூலை, உண்பவனுக்கு உரியதன்று.

பழைய இஸ்ரயேலரின் சட்டமும் ஏழாம் ஆண்டில் நிலத்தை ஓய்வாக விடச் சொன்னது. தானாக விளைவதை முதலில் ஏழைகள் உண்ண வேண்டும். எஞ்சியது காட்டு விலங்குகளுக்கு. ஏழையும் விலங்கும் ஒரே சட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணும்போது, நான் மேலே எழுப்பிய தடைக்கு விடை அங்கேயே இருந்தது என்று உணர்கிறேன். யோபு நூலில் கடவுள், மனிதர் எவரும் வாழாத பாழ்நிலத்திலும் மழை பெய்து புல் முளைக்கிறதே, அது யாருக்காக என்னும் பொருள்படக் கேட்கிறார். யோபுவிடம் அதற்கு விடை இல்லை. நம்மிடமும் இல்லை. விடை இல்லாத அந்த இடத்தில் தலைவணங்கி நிற்பதே, பயனற்றதைப் பேணும் அறத்தின் தொடக்கம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் சரிவைப் பற்றி மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோட்டக்காரர் தம் உறவினர் தோட்டத்து வரப்பில் பூத்துக் காய்ந்த குறிஞ்சியிலிருந்து விதை சேர்த்துக்கொண்டுவந்தார். ஒரு பழைய துணியில் முடிந்து வைத்திருந்தார். நான் குழுவினரிடம் பேசினேன். புல்தரையைப் பராமரிக்கும் செலவும் அவர்களுக்குச் சலித்திருந்தது. சரிவை விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். விதைத்ததில் ஒருபகுதியே முளைத்தது. சில இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கிறது. பல இடங்களில் ஒன்றும் இல்லை. கிளறிவிட்ட மண்ணில் வாட்டில் கன்றுகளும் எழுந்தன. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் சிலருடன் நான் அங்கே சென்று அவற்றைக் கையால் பிடுங்குகிறேன். எது குறிஞ்சி, எது வாட்டில் என்று முதல் நாளில் தோட்டக்காரர்தாம் கற்றுக்கொடுத்தார். அன்று ஒரு மாணவி தவறுதலாகக் குறிஞ்சிக் கன்று ஒன்றைப் பிடுங்கிவிட்டுக் கண்கலங்கினாள். அவர் அதை வாங்கி மீண்டும் மண்ணில் ஊன்றி, "புடிச்சாலும் புடிக்கும்மா" என்றார்.

2030-இல் அச்சரிவு பூக்குமா என்று எனக்குத் தெரியாது. பூத்தாலும் பார்க்க நான் இருப்பேனா என்பதும் தெரியாது. இப்போது அங்கே போய் நிற்பவர்களுக்கு முரட்டுச் செடிகள் சில மட்டுமே தெரியும். அண்மையில் வந்த விருந்தினர் ஒருவர், "இந்த இடத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்யக் கூடாதா?" என்று கேட்டார். இது யாருடைய இடம் என்று அவருக்குச் சொல்ல, அரைமணி நேரம் ஆயிற்று.